பைப்பர் பாவ்னி: மருந்தடிக்கச் சரி, உரம் போட?

உரம் போட ஆள் கிடைக்காமல் திண்டாடும் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களுக்கு, பழைய பைப்பர் பாவ்னி என்ற மருந்தடிக்கும் சிறு விமானம் உதவுமா? மருந்தடிக்க உதவும். செம்பனைக்கு உரம் வீசத் தேறாது.

கணக்கைப் பாருங்கள். 235 குதிரைத்திறன் பாவ்னியின் தொட்டி ஏறக்குறைய 568 லிட்டர் கொள்ளும். சுமை வரம்போ 544 கிலோ. தண்ணீர் மருந்தை விளிம்புவரை நிரப்பினாலே வரம்பு மீறிவிடும். உரமென்றால் 50 கிலோ மூட்டை பத்துதான். ஹெக்டருக்கு 136 மரம், மரத்துக்கு 2 கிலோ என்றால் 272 கிலோ. ஒரு நடைக்கு இரண்டு ஹெக்டர்கூட முடியாது. ஹெக்டருக்கு 20 லிட்டர் மருந்தென்றால் அதே நடையில் 27 ஹெக்டர் முடியும்.

ஈரக் காற்று இன்னொரு தலைவலி. ஈரப்பதம் 72 விழுக்காட்டைத் தாண்டினாலே யூரியா உரம் ஈரத்தை உறிஞ்சிக் கசியும். அது தொட்டியின் அடிக்கதவில் ஒட்டி இறுகினால், அவசரத்தில் சுமையைக் கொட்டும் நெம்புகோல் அசையாது. அன்றன்றே கழுவியாக வேண்டும்.

விமானியைக் காப்பதில் குறை சொல்ல முடியாது. அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெட் வைக் வடிவமைத்தது. 1959 முதல் 1981 வரை ஐயாயிரத்துக்கு மேல் கட்டினார்கள். முன்னே இஞ்சின், அடுத்துத் தொட்டி, அதற்கும் பின்னால் உயரத்தில் இருக்கை. மூக்கு குத்தினால் முன்பகுதி நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். இருக்கைக்கூண்டின் உச்சியிலிருந்து வால்வரை ஓர் எஃகு வடம் உண்டு, மின்கம்பி வாலில் மாட்டாமல் வழுக்கிப் போக. ஆனால் பழைய மாடல்களில் பெட்ரோல் டேங்க் இஞ்சினுக்கும் மருந்துத் தொட்டிக்கும் நடுவே இருக்கிறது, மோதினால் தீ. டி மாடலில்தான் அதை இறக்கைக்கு மாற்றினார்கள். வாங்கினால் டி மாடலையே கேளுங்கள்.

பெயின்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். உடல், எஃகுக் குழாய்மேல் துணி போர்த்தியது. உள்ளே புகும் உரமும் மருந்தும் குழாயைத் தின்றுவிடும். வால் பக்கத்தில் அடித்துணியைத் திறந்து, கீழ்க்குழாயைச் சுரண்டிப் பாருங்கள். விற்பவர் திறக்க விடவில்லையா, பேரத்தை அங்கேயே நிறுத்துங்கள். இறக்கையைத் தாங்கும் முன் உத்திரம் (ஸ்பார்) உடலோடு சேரும் இடத்தில் துருவும் விரிசலும் வரும். அதற்கென்றே அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ. கட்டாயச் சோதனை உத்தரவு போட்டது. அது செய்யப்பட்டதா என்று விமானத்தின் லாக் புக்கை (பதிவேட்டை)ப் புரட்டுங்கள்.

வெயில் நாட்டில் கார்புரேட்டரில் ஐஸ் கட்டுமா என்று சிரிக்காதீர்கள். இந்த ஈரத்தில், த்ராட்டிலைக் குறைத்து இறங்கும்போது 25 டிகிரியிலும் கட்டும். குறைப்பதற்கு முன்பே, கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் கார்ப் ஹீட் பிடியை இழுத்துவிட வேண்டும்.

தோட்டத்து லோரிப் பாதையில் இறக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணமும் வேண்டாம். மரத்துக்கு மரம் 9 மீட்டர், இறக்கையோ நுனிக்கு நுனி 11 மீட்டர். காய்க்கிற மரங்களை வரிசை வரிசையாக வெட்டித்தான் ஓடுதளம் போட முடியும்.