பச்சிளம் குழந்தைக்குச் சூடு காக்க ஒரு நர்சிங் வகுப்பு: போகலாமா?

கோயம்புத்தூரில் ஒரு நர்சிங் கல்லூரி நடத்துகிற இரண்டு நாள் வகுப்பு இது. பிறந்த குழந்தையின் உடம்புச் சூடு இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் பாடம், ஆனால் அதை நர்சிங் தியரி, அதாவது நர்ஸ் எதை ஏன் செய்ய வேண்டும் என்று விளக்குகிற கோட்பாடுகள் வழியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். லேபர் ரூம், ஆபரேஷன் தியேட்டர், பச்சிளம் குழந்தை வார்டில் வேலை செய்கிற யாராவது போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போங்க, முடிந்தால் உங்கள் வார்டு இன்சார்ஜ் சிஸ்டரையும் கூட்டிக்கொண்டு போங்க என்று சொல்வேன். குறைகளும் இருக்கின்றன, அதையும் எழுதுகிறேன்.

தியரி என்றாலே நம்மில் பாதிப் பேருக்குச் சலிப்பு வந்துவிடும், அதில் தப்பே இல்லை. பிஎஸ்சியில் நைட்டிங்கேல், ஓரெம், ராய், கிங் என்று தியரி எழுதியவர்களை வரிசையாக மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிட்டு வார்டுக்கு வந்தோம், அதோடு சரி. எம்எஸ்சி தீசிஸ்களில் பெர்ட்டலான்ஃபியின் சிஸ்டம்ஸ் தியரியைப் போட்டு உள்ளீடு, செயல், வெளியீடு என்று கட்டம் கட்டி அம்புக்குறி வரைந்திருப்பார்கள், அந்தப் படம் பைண்டிங்குக்குள்ளேயே இருந்துவிடும், நைட் டியூட்டியில் இருக்கிற பொண்ணுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. இந்த வகுப்பில் நடந்தது வேறு. தியரியைத் தனிப் பாடமாக எடுக்காமல், ஈரமான குழந்தையைக் கையில் வாங்கும் அந்த நிமிஷத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வேலைக்கும் காரணமாக அதைக் கொண்டுவந்தார்கள்.

முதல் நாள் முழுக்க மைரா லெவைன்தான். லெவைன் சிகாகோக்காரர், நர்சிங் டீச்சர். 1960களில் அவர் தன் மாடலை உருவாக்கியதே மாணவிகளுக்குப் பாடம் நடத்தத்தான்: ஒவ்வொரு நோய்க்கும் ஒரு செய்முறை என்று மனப்பாடம் செய்யாமல், எந்த நோயாளியிடம் போனாலும் இவரிடம் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று யோசிக்கப் பழக்குவதற்காக. நான்கு விஷயங்களைக் காப்பாற்ற வேண்டும் என்கிறார். உடம்பின் சக்தி, உடம்பின் கட்டமைப்பு, அந்த மனுஷரின் சுயம், அவருடைய உறவு. இதைப் பிறந்து இரண்டு நிமிஷமான குழந்தைக்குப் போட்டுப் பாருங்கள் என்று வகுப்பு எடுத்த மேடம் சொன்னபோது ஹாலில் பேச்சே இல்லை, அப்புறம் ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள்.

சக்தியைப் பற்றிய பகுதிதான் வகுப்பிலேயே உயர்ந்தது. நமக்குக் குளிர்ந்தால் நடுங்குவோம், போர்வையை இழுத்துக்கொள்வோம், எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவோம். குழந்தைக்கு இதில் எதுவும் கிடையாது. தோள்பட்டைகளுக்கு நடுவில், கழுத்தைச் சுற்றி, சிறுநீரகத்தைச் சுற்றி இருக்கிற பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது சூடு உண்டாக்க வேண்டும். அப்படி எரிக்கும்போது ஆக்ஸிஜனும் செலவாகிறது, சர்க்கரையும் செலவாகிறது. அதனால்தான் குளிர்ந்துபோன குழந்தைக்குக் கொஞ்ச நேரத்தில் மூச்சு வேகமாகிறது, குளுக்கோமீட்டரில் சர்க்கரை குறைவாகக் காட்டுகிறது, பால் குடிக்காமல் துவண்டு கிடக்கிறது. குறைமாசக் குழந்தையிடம் அந்தக் கொழுப்பே சரியாகச் சேர்ந்திருக்காது, எடைக்குத் தோல் பரப்பும் அதிகம்: கையளவு விறகை வைத்துக்கொண்டு, வாசல் கதவையும் திறந்துபோட்ட வீட்டைச் சூடாக்கச் சொல்கிற மாதிரி. வெப்பம், சர்க்கரை, மூச்சு என்று சார்ட்டில் மூன்று தனிக் கட்டமாகப் பிரித்து எழுதிப் பழகியவர்களுக்கு, மூன்றும் ஒரே கணக்குதான் என்று அன்றைக்குப் புரிந்தது.

மதியம் செய்முறை. ஒரு பொம்மையை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, அதன் மேல் தெர்மாமீட்டர் புரோபை, அதாவது சூட்டை அளக்கிற முனையை ஒட்டி மேஜையில் படுக்க வைத்தார்கள். தலைக்கு மேலே ஃபேன் ஓடுகிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே எண் இறங்குகிறது, எல்லார் கண்ணும் அதிலேயே. அப்புறம் ஃபேனை நிறுத்தி, முதல் துண்டால் தலையிலிருந்து துடைத்து, அந்த ஈரத் துண்டை உடனே எடுத்துப் போட்டுவிட்டு, சூடாக வைத்திருந்த இரண்டாவது துண்டில் சுற்றி, தொப்பி போட்டு அதையே இன்னொரு தடவை செய்தார்கள். ஈரம் ஆவியாவது, குளிர்ந்த தராசைத் தொடுவது, காற்று வீசுவது, பக்கத்துச் சுவரின் குளிர்ச்சி என்று சூடு போகிற நான்கு வழியையும் அந்தப் பொம்மையை வைத்தே காட்டினார்கள். சரியாகத் துடைத்துச் சுற்றாவிட்டால் பிறந்த முதல் 10 முதல் 20 நிமிஷத்துக்குள் 2 முதல் 4 டிகிரி வரை இறங்கிவிடும் என்பதை எத்தனையோ தடவை படித்திருக்கிறோம், ஆனால் கண்ணெதிரே எண் இறங்குவதைப் பார்ப்பது வேறு. துண்டுகூட நம் ஊர் ஈரிழைத் துண்டுதான், பெரிய செலவு வைக்கிற சாமான் எதுவும் இல்லை. தொப்பிக்குத் திருப்பூர் பனியன் துணியே போதும், வீட்டில் தைத்துக்கொள்ளலாம் என்று ஒரு அளவுத்தாளும் கொடுத்தார்கள்.

அளவுகளைத் தெளிவாகச் சொன்னார்கள். 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை சரி, 36.0 முதல் 36.4 வரை குளிர் அழுத்தம் (கோல்ட் ஸ்ட்ரெஸ்), அதாவது லேசான சூட்டுக்குறைவு, 32.0 முதல் 35.9 வரை நடுத்தரமான சூட்டுக்குறைவு, 32க்குக் கீழே போனால் கடுமையானது. லேபர் ரூம் 25 முதல் 28 டிகிரியில் இருக்க வேண்டும். இதெல்லாம் உலக சுகாதார நிறுவனம் 1997லேயே போட்டுவைத்த கணக்கு. தெர்மாமீட்டர் கைவசம் இல்லாதபோது புறங்கையால் முதலில் வயிற்றையும் அப்புறம் பாதத்தையும் தொட்டுப் பார்ப்பது: இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் சரி, வயிறு சூடாக இருந்து பாதம் ஜில்லென்று இருந்தால் குளிர் அழுத்தம் ஆரம்பித்துவிட்டது, இரண்டுமே ஜில்லென்று இருந்தால் உடனே ஆள் கூப்பிட வேண்டும். இதைத் தாய்மாருக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள், அது ரொம்பச் சரி, ராத்திரி முழுக்கக் குழந்தையோடு இருக்கப்போவது அவர்கள்தான்.

கட்டமைப்பு என்ற இரண்டாவது பகுதியைச் சுருக்கமாக முடித்தார்கள். தோல்தான் அங்கே முக்கியம், பிறக்கும்போது தோலில் ஒட்டியிருக்கிற வெள்ளை மாவைத் தேய்த்து எடுக்காதீர்கள், குறைமாசக் குழந்தையின் தோலில் புரோப் பிளாஸ்டரை வெடுக்கென்று பிய்க்காதீர்கள் என்பது வரை. மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்துத் தாயின் நெஞ்சோடு குழந்தையை வைக்கும் கங்காரு முறைக்குக் கொண்டுபோனார்கள். 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் ஆரம்பித்த முறை இது. எடை குறைந்த குழந்தைகளுக்கு, அவர்கள் நிலைப்படும் வரை காத்திராமல் பிறந்ததுமே இதை ஆரம்பித்தால் 28 நாளுக்குள் இறப்பு கால் பங்கு குறைகிறது என்று இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் செய்த ஆய்வு 2021ல் வெளிவந்தது. தெரிந்த விஷயம்தான். ஆனால் சுயம், உறவு என்ற கோணத்தில் பேசியபோதுதான் நம் வார்டில் அது ஏன் பாதியில் நின்றுபோகிறது என்பது வெளியே வந்தது. சுற்றிலும் சொந்தக்காரர்கள் நிற்கும்போது அந்தப் பெண் எப்படி முன்பக்கம் திறந்து குழந்தையைப் போட்டுக்கொள்வாள்? ஒரு திரை, முன்பக்கம் திறக்கிற நைட்டி, சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி, இது மூன்றும் இல்லாமல் தினமும் எத்தனை மணி நேரம் வைத்தாய் என்று அவளைக் கேட்பது நியாயமே இல்லை.

இரண்டாம் நாள் பாட்ரிசியா பெனர் என்ற நர்சிங் தியரிக்காரரை எடுத்தார்கள். புதிதாக வந்தவரிலிருந்து தேர்ந்தவர் வரை ஐந்து படிகள் என்று 1984ல் அவர் எழுதியது. அதைப் பாடமாக நடத்தாமல், சீனியர் ஒருவர் ஜூனியர் ஒருவர் என்று ஜோடி சேர்த்து ஒரே பிரசவக் காட்சியைச் செய்யச் சொன்னார்கள். சீனியர்கள் காரணம் சொல்லாமலே சரியாகச் செய்கிறார்கள், ஜூனியர்கள் காரணத்தைச் சரியாகச் சொல்லிக் கை தடுமாறுகிறார்கள், இருவரும் சத்தமாகப் பேசிக்கொண்டே செய்யும்போது இரண்டும் சேர்ந்துகொள்கிறது. அனுபவத்துக்கு மரியாதை கொடுத்துச் சொல்லிக்கொடுக்கிற வகுப்பு நமக்குக் கிடைப்பதே அபூர்வம், அதனால் இதைத் தனியாகப் பாராட்ட வேண்டும்.

திரும்பி வந்தபின் எங்கள் வார்டில் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். என்னோடு வந்த ஜூனியர் பொண்ணு, ஒரு பிரசவத்தில் ஆயா தராசைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, "அக்கா, எடை எங்கீங்க போகப்போகுது, முதல்ல அம்மா நெஞ்சு மேல போட்டரலாமுங்க" என்று சொல்லிக் குழந்தையைத் துடைத்து அங்கேயே போட்டு மேலே துண்டைப் போர்த்திவிட்டாள். செக்லிஸ்ட்டைப் பார்க்கவே இல்லை. சூட்டைச் செலவு செய்யக் கூடாது என்ற ஒரு எண்ணம் மனதில் பதிந்துவிட்டால் எது முதலில், எது அப்புறம் என்பது தானாகவே வருகிறது. சுவரில் ஒட்டிய போஸ்டரால் இது வராது என்பது என் திடமான அபிப்பிராயம்.

இனி குறைகள். பெரிய குறை, வீட்டுப் பெரியவர்களைப் பற்றி வகுப்பில் ஒன்றுமே இல்லை. நம் பக்கம் குழந்தை வெளியே வந்ததும் அம்முச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) கேட்கிற முதல் கேள்வியே, "ஏனுங் சிஸ்டரு, புள்ளைக்கு இன்னும் தண்ணி வாக்கலீங்களா, இப்படியே பிசுபிசுன்னு கெடக்குதே" என்பதுதான். முதல் 24 மணி நேரம் குளிப்பாட்ட வேண்டாம் என்பது விதி, ஆனால் அதை விதியாகச் சொன்னால் நாம் அந்தப் பக்கம் போனதும் ஈரத் துணியால் துடைத்துவிடுவார்கள். இதற்கு லெய்னிங்கர் தியரி அச்சாகப் பொருந்தும். மானுடவியல் படித்து நியூகினி மலைக்கிராமத்தில் தங்கி வேலை செய்த நர்ஸ் அவர், வீட்டுப் பழக்கத்தில் எதை அப்படியே காக்கலாம், எதைக் கொஞ்சம் இசைந்து போகச் செய்யலாம், எதை மாற்றியே ஆகவேண்டும் என்று மூன்றாகப் பார்க்கச் சொல்கிறார். துவைத்து வெயிலில் காயவைத்த பழைய வேட்டித் துணியை அம்முச்சி கொண்டுவருவதைக் காக்கலாம், அது மெத்தென்று ஈரத்தை உறிஞ்சும். தண்ணி வார்ப்பதை, "நாளைக்கு நீங்களே வாத்துவிடுங்க அம்முச்சி, இன்னிக்கு அந்த மாவு புள்ளைக்குப் போர்வையாட்ட" என்று தள்ளிப்போடலாம். சேனை (தேன், சர்க்கரைத் தண்ணி) தொட்டு வைப்பதையும் சாம்பிராணிப் புகையையும் கண்டிப்பாக நிறுத்தச் சொல்ல வேண்டும். இதைக் கேள்வி நேரத்தில் நானே எழுந்து சொன்னேன், குறித்துக்கொண்டார்கள், அடுத்த பேட்சில் சேர்த்தால் சந்தோஷம். திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிற ஒடிசா, பீகார் பெண்கள் நிறையப் பேர் பிரசவத்துக்கு வருகிறார்கள், அவர்களுக்கு இதை எந்தப் பாஷையில் எப்படிச் சொல்வது என்பதற்கும் ஒரு மணி நேரமாவது ஒதுக்கியிருக்கலாம்.

இன்னொன்று, ஃபேனும் ஏசியும் நர்ஸ் கையில் இல்லை. ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் ஜன்னலைச் சாத்தினாலும் இடுக்கில் நுழையும். அதைத் துணி வைத்து அடைக்கலாம், ஆனால் தியேட்டரில் ஏசியைக் குறைக்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? அதனால்தான் இன்சார்ஜ், மயக்க டாக்டர், தியேட்டர் டெக்னீஷியன் எல்லாரும் உட்கார வேண்டிய வகுப்பு இது என்கிறேன். குழந்தையைப் படுக்க வைக்கிற சூட்டு மேஜையான வார்மரைப் பிரசவத்துக்கு 20, 30 நிமிஷம் முன்னாலேயே போட்டுவைக்கிற வேலை ஆயாவிடம் இருக்கிற ஆஸ்பத்திரிகளே அதிகம், அவர்களுக்கும் தமிழில் அரை நாள் வகுப்பு வைக்கலாம்.

கடைசி நாள் சாயங்காலம் ஒரு தேர்வு, சர்டிபிகேட், அவ்வளவுதான், அதற்கப்புறம் ஒரு போன்கூட இல்லை. மூன்று மாசம் கழித்து உங்கள் வார்டில் குழந்தைகளின் வெப்பம் எப்படி இருக்கிறது, சார்ட்டை அனுப்புங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மற்றபடி கட்டணம் நம் சம்பளத்துக்குக் கட்டுபடியாகிற அளவுதான், மதியச் சாப்பாடு அதிலேயே அடக்கம், நன்றாகவும் இருந்தது. ஸ்லைடுகள் இங்கிலீஷில், பேச்சு தமிழில். நர்சிங் கவுன்சில் பதிவு புதுப்பிக்கத் தேவையான கிரெடிட் ஹவர் (பயிற்சி மணிக் கணக்கு) கிடைக்கும், ஆனால் பதிவு செய்யும்போதே பதிவெண்ணைச் சரியாகக் கொடுத்துவிடுங்கள், பிறகு திருத்த அலைய வேண்டியிருக்கிறது. ஈரோட்டிலிருந்தும் கோபியிலிருந்தும் போகிறவர்கள் காலை வகுப்புக்கு முந்தின ராத்திரியே கோவை போய்விடுவது நல்லது, அந்தப் பொம்மையைச் சரியாகப் பார்க்க வேண்டுமானால் முன் வரிசையில் இடம் பிடிக்க வேண்டும்.