ஆயிரம் ரூபாய் ஆயில்: பல்சர் 220-இல் மூன்று முறை ஊற்றிய பிறகு

மைலேஜ் கூடும் என்று நினைத்து பைக்குக்கு ஃபுல் சிந்தெடிக் எஞ்சின் ஆயில் வாங்கப் போகிறீர்கள் என்றால் அந்தக் காசைப் பெட்ரோலுக்கே வைத்துக்கொள்ளுங்கள். என் வண்டி முன்பும் 38 கொடுத்தது, இப்போதும் 38தான். நான் மாறியது வேறு காரணத்துக்காக.

வண்டி 2014 பல்சர் 220. தினமும் தாம்பரம் - கிண்டி. காலையில் ஜிஎஸ்டி சாலையில் குரோம்பேட்டை, பல்லாவரம் எல்லாம் முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் நடுவிலேயே கழியும், மே மாதத்தில் எஞ்சின் சூடு தொடையில் அடிக்கும். மினரல், அதாவது கச்சா எண்ணெயிலிருந்து வரும் சாதாரண ஆயில், 20W-50 கிரேடு, அதைத்தான் வருஷக்கணக்கில் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆயில் மாற்றிய புதிதில் வெண்ணெய் மாதிரி விழும் கியர், 2,000 கிலோமீட்டர் தாண்டியதும் இறுக ஆரம்பிக்கும். சிக்னலில் நியூட்ரல் தேடி இரண்டுக்கும் ஒன்றுக்கும் காலால் தட்டிக்கொண்டே நிற்பேன், அதற்குள் பச்சை விழுந்துவிடும்.

இது ஏன் என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் ஆயில் வாங்குவது சுலபம். காரில் எஞ்சினுக்கு ஒரு ஆயில், கியர்பாக்ஸுக்கு வேறு. நம் பைக்குகளில் பெரும்பாலும் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் அந்த ஒரு லிட்டர்தான். சூட்டில் ஆயில் ரொம்ப நீர்த்துப்போகாமல் இருக்க அதில் நீளமான பாலிமர் கலக்கிறார்கள், கியர் பற்கள் அந்தப் பாலிமரை ஒவ்வொரு சுற்றிலும் நறுக்கித் தள்ளுகின்றன. 20W-50-இல் பின்னால் வரும் எண் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்று சொல்வது. 50 என்று வாங்கின ஆயில் கொஞ்ச நாளில் 40 மாதிரி நடந்துகொள்வது அதனால்தான். சிந்தெடிக்கில் அடிப்படை ஆயிலே சூட்டை நன்றாகத் தாங்கும், பாலிமர் தயவு குறைவாகத் தேவைப்படும். எனக்கு வேண்டியிருந்தது இதுதான்.

மோட்டுல் கம்பெனியின் 7100 என்ற சிந்தெடிக், 20W-50 எடுத்தேன். இதே 7100-இல் 10W-30, 10W-40, 15W-50 எல்லாம் கிடைக்கும், கடைக்காரர் கையில் வருவதை எடுத்துத் தருவார், கிரேடு பார்த்து வாங்குங்கள். முதல் நூறு கிலோமீட்டரில் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை, புது ஆயில் எதுவானாலும் அப்படித்தான் இருக்கும். வித்தியாசம் தெரிந்தது 3,000 தாண்டிய பிறகு. கியர் இறுகவில்லை. கொல்லிமலைக்குப் போய் எழுபது கொண்டை ஊசியும் ஏறி இறங்கினேன், இரண்டாவது கியரிலேயே வண்டி வெந்துகொண்டிருந்தது, மேலே போய் நிறுத்தும்போதும் நியூட்ரல் ஒரே தட்டில் விழுந்தது. எஞ்சின் சத்தம் கொஞ்சம் குறைந்த மாதிரிதான் இருக்கிறது, ஆனால் ஆயிரம் ரூபாய் செலவழித்த காதுக்கு அப்படித்தான் கேட்கும், அதை நம்ப வேண்டாம். 4,500-க்குப் பிறகு மெல்ல பழைய இறுக்கம் எட்டிப் பார்த்தது, 5,000-இல் மாற்றினேன். மூன்று முறையும் ஏறக்குறைய இதே கதை.

காசுக் கணக்கு: மினரலுக்கு ஒரு தடவைக்கு நானூற்றைம்பது, 2,500-க்கு ஒருமுறை மாற்றுவேன், கூலி நூறு. 5,000 கிலோமீட்டருக்கு ஆயிரத்து நூறு ஆகிறது. சிந்தெடிக்குக்கு ஆயில், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூற்றைம்பது. நூற்றைம்பது ரூபாய்தான் கூட. ஆனால் சிந்தெடிக் ஊற்றிவிட்டு, மனசு கேட்காமல் 2,500-லேயே இறக்குகிற ஆசாமிகளையும் எனக்குத் தெரியும், அவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது.

சிந்தெடிக் என்ற வார்த்தையைவிட டப்பாவின் பின்பக்கம் முக்கியம். அங்கே ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். 1998-இல் ஜப்பான்காரர்கள் கொண்டுவந்த தரம், ஆயிலில் ஊறிக் கிடக்கும் கிளட்ச் வழுக்காமல் பிடிக்குமா என்று பார்த்துக் கொடுப்பது. எம்பி என்றிருந்தால் அது ஸ்கூட்டருக்கு, பைக்கில் ஊற்றக் கூடாது. இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருமுறை அவசரத்துக்கு வேறு ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன், “இதுவும் சிந்தெடிக்தான் தம்பி, காருக்கே ஊத்துறது” என்று பெருமையாக ஊற்றினார். நாலு நாளில் மேம்பாலம் ஏறும்போது திருகத் திருக சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சரக்கு சேர்த்திருப்பார்கள், காருக்கு அது நல்லது, நம் கிளட்ச் பிளேட்டுக்கு எமன். டப்பாவில் ஏபிஐ என்ற அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் வட்ட முத்திரை இருக்கும், அதில் ‘ரிசோர்ஸ் கன்சர்விங்’ (எரிபொருள் சேமிப்பு வகை) என்று போட்டிருந்தால் அந்த டப்பாவை அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்று, முன்னால் வரும் எண். குளிரில் ஆயில் எவ்வளவு இளகி இருக்கிறது என்று பார்ப்பது அது, 20W என்பது மைனஸ் 15 டிகிரிக்கான சோதனை, 10W மைனஸ் 25-க்கு. ஊட்டியில் பூஜ்யம் தொட்டாலே செய்தியில் சொல்கிற ஊர் நம்முடையது. அதனால் ‘10W போட்டால் காலையில் டக்கென்று ஸ்டார்ட் ஆகும்’ என்று சொல்லி கிரேடை மாற்றச் சொன்னால் தலையாட்டாதீர்கள். மேனுவலில் என்ன இருக்கிறதோ அதுதான்: என்ஃபீல்டு 350-க்கு 15W-50, ஸ்பிளெண்டருக்கு 10W-30. மெல்லிய ஆயிலுக்காகச் செய்த எஞ்சினில் கெட்டியானதை ஊற்றுவதும் தப்புதான்.

சிந்தெடிக் என்று எழுதியதெல்லாம் ஒரே சரக்கும் இல்லை. கச்சா எண்ணெயிலிருந்தே வந்து கடுமையாகச் சுத்திகரித்த குரூப் 3 ஆயிலையும் அந்தப் பெயரில் விற்கலாம் என்று 1999-இல் அமெரிக்காவில், மொபில் கொடுத்த புகாரில் காஸ்ட்ரோலுக்குச் சாதகமாக முடிவானது. அதிலிருந்து அந்த வார்த்தை ரொம்பத் தாராளமாகிவிட்டது. குரூப் 3 மோசம் என்று சொல்லவில்லை, அலுவலகம் போய்வர அது போதும். எஸ்டர் என்பது ரசாயன முறையில் செய்த, விலை கூடின அடிப்படை ஆயில்; அந்த விலை கொடுத்து குரூப் 3 வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

போலிதான் பெரிய தலைவலி. தெரியாத ஒரு கடையில் இருநூறு ரூபாய் குறைவாகக் கிடைத்தது என்று வாங்கினேன், மூடியின் வளையம் ஏற்கெனவே பிரிந்து ஒட்டியிருந்தது, தொகுதி எண்ணை யாரோ நகத்தால் சுரண்டின மாதிரி இருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால் “பில் இருக்கா சார்?” என்றார்கள். பில் ஏது! அதிலிருந்து பில் தருகிற டீலரிடம் மட்டும். மாற்றி முடித்ததும் காலி டப்பாவை ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்துக் குத்திவிட்டுத்தான் போடுவேன், இல்லாவிட்டால் அதே டப்பா நிரம்பி மறுபடி கடைக்கு வரும்.

தன் ஸ்பிளெண்டருக்கும் இதே ஊற்றலாமா என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்றேன். ரேஷன் கடை, கோயில், மார்க்கெட், அதற்கு மேல் அது போவதில்லை. வருஷத்துக்கு 2,000 ஓடினால் அதிகம், சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும். அதற்கு 10W-30 மினரலே வருஷம் ஒருமுறை மாற்றினால் போதும், கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் மாற்ற வேண்டும்.

என் வண்டி ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே குடிக்கும், அதுதான் எரிச்சல், அந்தக் கொஞ்சத்துக்காக இரண்டாவது டப்பாவை உடைக்க வேண்டும். மீதியை இறுக்கி மூடி, தேதி எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன், அடுத்த இரண்டு முறைக்குத் தாங்கும். போன வாரம் பார்த்தால் அளவு கொஞ்சம் இறங்கியிருந்தது. வாசல் கேட் கீல் கத்துகிறது என்று அப்பா எடுத்து விட்டிருக்கிறார்.