பாருஸ் கரைக்கு மேலே ஒரு பத்தாக் கிராமத் தங்குவீடு

சுமத்ராவின் மேற்குக் கரையில் உள்ள பாருஸ் என்னும் சிற்றூரையும், அதற்குப் பின்னால் மலையேறினால் வரும் தோபா பத்தாக் என்னும் மலையின மக்களின் கிராமம் ஒன்றையும் சேர்த்துக் காட்டுவதாகச் சொல்லி, காரைக்குடியில் ஒரு பயண முகவர் ஆள் சேர்க்கிறார். அந்தக் குழுவில் போய்வந்தவன் என்ற முறையில், முகவரின் வேலையைத் தனியாகவும், கிராமத்தில் எங்களைத் தங்கவைத்த குடும்பத்தின் வேலையைத் தனியாகவும் மதிப்பிடுவதே நியாயம் என்று நினைக்கிறேன். முகவருக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். அந்தக் குடும்பத்துக்குத் தாராளமாக நாலரை கொடுக்கலாம்.

முகவர் அச்சடித்த துண்டறிக்கையில் ‘ஆயிரம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டை நேரில் காணுங்கள்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. பாருஸுக்கு அருகே லோபு துவா என்னும் இடத்தில் 1873-இல் கிடைத்த அந்தக் கல், சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088-ஐச் சேர்ந்தது, திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் வைத்தது, கப்பலில் வருவோர் பொன்னில் செலுத்த வேண்டிய கட்டணத்தைப் பேசுவது. இவையெல்லாம் உண்மைதான். ஆனால் கல் இப்போது ஜகார்த்தாவின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்பதை முகவர் யாரிடமும் சொல்லவில்லை. லோபு துவாவில் தோட்டமும் மேடும்தான் இருக்கின்றன. அதற்காகவே மூட்டுவலியையும் பொருட்படுத்தாமல் தேவகோட்டையிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், வண்டியை விட்டு இறங்கி நாலாபுறமும் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்ப ஏறி உட்கார்ந்துகொண்டார். முகவர் தெரிந்தே மறைத்தாரா, தெரியாமலே அச்சடித்தாரா என்பது அவருக்கே வெளிச்சம். இரண்டில் எதுவானாலும் பணம் வாங்கியவர் செய்யக்கூடாத காரியம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வழிகாட்டியாக உடன்வந்த இளைஞர், ஐந்நூற்றுவரையும் நகரத்தாரையும் ஒரே கூட்டமாக்கி, ‘நம் பாட்டன்மார் வைத்த கல்’ என்று ஒலிபெருக்கியில் முழங்கிக்கொண்டே வந்தார். நகரத்தாராகிய நம்மவர்கள் வட்டிக்கடை வைத்துச் சுமத்ராவில் தொழில் செய்தது மேடான் பக்கத்தில், டச்சுக்காரர் காலத்தில். அதற்கு அடையாளமாக அங்கே முருகன் கோயில் இன்றும் இருக்கிறது. எண்ணூறு ஆண்டு இடைவெளியை ஒரு வாக்கியத்தில் தாண்டிவிடுவது கேட்க இனிமையாக இருக்கலாம், ஆனால் வரலாறு ஆகாது.

கரையோரத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. பாப்பான் திங்கி என்னும் குன்றின் மேல் உள்ள பழைய முஸ்லிம் கல்லறைக்கு எழுநூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். முழங்கால் ஒத்துழைத்தால் மேலிருந்து கடல் முழுவதும் தெரியும். இஸ்லாம் இந்தக் கரை வழியாக வந்ததைக் குறிக்கும் நினைவுத்தூண் ஒன்றை 2017-இல் அப்போதைய அதிபர் ஜோகோ விடோடோ திறந்துவைத்திருக்கிறார். அதைப் பார்க்கக் கால்மணி நேரம் போதும். தெற்கே சிபோல்கா துறைமுகத்தில் சுட்ட மீன் நன்றாக இருந்தது.

பயணத்தின் சாரம் மலையில்தான் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பதினோராம் நூற்றாண்டின் இறுதிவரை லோபு துவாவில் வணிகர்கள் குடியிருந்ததை அகழாய்வு காட்டியிருக்கிறது என்றால், அவர்களை அங்கே இழுத்தது கடற்கரை அன்று. மலைக்காட்டில் விளைந்து தலைச்சுமையாகக் கீழே இறங்கிய கற்பூரமும் சாம்பிராணியும்தான். கற்பூர மரத்தைப் பார்ப்பது இன்று அரிது. மரத்தை வெட்டிப் பிளந்தால்தான் கற்பூரம் கிடைக்கும், பிளந்த மரம் எல்லாவற்றிலும் கிடைக்கவும் கிடைக்காது என்னும்போது, மரங்கள் அருகிப்போனதில் வியப்பில்லை. சாம்பிராணி அப்படியில்லை, அது இன்றும் அந்தக் கிராமத்தின் பிழைப்பு.

தங்குவீட்டுக்காரரே எங்களைத் தம் தோப்புக்கு அழைத்துப் போனார். முதலில் பட்டையின் மேற்பரப்பை ஒரு கத்தியால் வழவழப்பாகச் சுரண்டினார். பிறகு கூரான கருவியால் சிறு கீறல்களை வரிசையாக இட்டு, அதன் பிடியாலேயே கீறிய இடத்தைத் தட்டினார். பட்டைக்கும் மரத்துக்கும் இடையே ஊறும் வெள்ளைப் பால், சில மாதங்கள் கழித்து இறுகிய பிறகுதான் பட்டையோடு பெயர்த்தெடுக்கப்படுமாம். முன்பு கீறிய மரமொன்றில் விளைந்திருந்த கட்டியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வெளியே பழுப்பும் உள்ளே பால்வெள்ளையுமாக இருந்த அதில், தணலில் போடாமலே, வெள்ளிக்கிழமை மாலை நம் வளவில் எழும் மணம் இருந்தது. இதில் பெரும்பகுதி இன்று ஜாவாவுக்குப் போகிறது என்றும், அங்கே சிலர் புகையிலையோடு சேர்த்துச் சுருட்டிப் புகைப்பார்கள் என்றும் சொன்னார். முகவரின் நிகழ்ச்சிநிரலில் இந்தத் தோப்புக்கு ஒதுக்கப்பட்டிருந்தது ஒரே ஒரு மணி நேரம். நாங்கள் பிடிவாதமாக நின்றுதான் அரைநாளாக்கிக்கொண்டோம்.

உபசரிப்பில் குறை காண முடியாது. பத்தாக் மக்களிடையே புதிதாகச் சந்திப்பவர்கள் முதலில் விசாரிப்பது குலப்பெயரை; அதை வைத்து யார் யாருக்கு என்ன முறை என்று கணக்கிட்டுக்கொண்ட பிறகே மற்றப் பேச்சு. ஒரே குலத்துக்குள் பெண் எடுப்பதில்லை, பெண் கொடுத்த வீட்டாருக்குத் தனி மரியாதை என்று வீட்டுக்கார அம்மாள் சொன்னதை வழிகாட்டி மொழிபெயர்த்து முடிப்பதற்குள், எங்கள் குழுவில் இருந்த ஆச்சி, “நமக்கும் அப்படித்தானே தம்பி, ஒரே கோயிலுக்குள்ள கட்டிக்க மாட்டோம்னு சொல்லுங்க” என்று குறுக்கிட்டார். அதன் பிறகு நகரத்தாரின் குலப்பிரிவுகளான ஒன்பது கோயில் விவரத்தைச் சொல்லி முடிக்க இரவு வெகுநேரம் ஆகிவிட்டது. அந்த அம்மாள் ஒரு குறிப்பேட்டில் பெயர்களை எழுதிக்கொண்டார். வைரவன்கோயிலை எழுத்துக்கூட்டுவதற்குள் இருவரும் பட்ட பாடு தனிக்கதை.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, அசைவக்காரர்களுக்குக் கவலையில்லை. மஞ்சளும் அந்தலிமானும் சேர்த்து, நீர் வற்றும்வரை சமைக்கும் ஆர்சிக் என்னும் கெண்டைமீன் கறியை இன்னொரு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மிளகைப்போல் சிறிதாக இருக்கும் அந்தலிமான் எலுமிச்சை வாசனையோடு நாக்கை லேசாக மரத்துப்போக வைக்கும். கல்பாசியும் மராட்டிமொக்கும் பழகிய நமக்கு அது புதிய சரக்கு. சைவக்காரர்களுக்குச் சோறும், இடித்த மரவள்ளி இலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த கறியும் கிடைக்கும், ஆனால் அதில் கருவாட்டுத்தூள் போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சமையல் அடுப்பு ஒன்றுதான், பன்றிக்கறியும் அதில்தான் சமைக்கிறார்கள் என்பதால், ஆசாரம் பார்ப்பவர்கள் யோசித்துக்கொள்வது நல்லது. குளியலறை வீட்டுக்கு வெளியே, தண்ணீர் குளிர்ந்திருக்கும், வெந்நீர் கேட்டால் முகம் சுளிக்காமல் போட்டுத் தருகிறார்கள். அரை மதிப்பெண் குறைத்தது மெத்தைக்காக. வயதானவர்கள் தரையில் விரித்த மெல்லிய மெத்தையிலிருந்து எழுந்திருக்கச் சிரமப்பட்டார்கள்.

மலையூரான டோலோக் சங்குலிலிருந்து பக்கட் வழியாகக் கரைக்கு இறங்கும் சாலை வளைவுகள் நிறைந்தது. வாந்தி வருபவர்கள் மாத்திரை எடுத்துச் செல்லுங்கள். நாங்கள் வந்த பிறகு, 2025 நவம்பர் இறுதியில் பெய்த பெருமழையில் சிபோல்காவும் மத்திய தாப்பானூலி மாவட்டமும் வெள்ளத்தாலும் நிலச்சரிவாலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. ஆகவே புறப்படுமுன் சாலை நிலவரத்தை முகவரிடம் கேட்காமல் தங்குவீட்டாரிடமே நேரடியாகக் கேளுங்கள். அவர்கள் மூலமே பதிவுசெய்தால் தரகும் மிச்சமாகும், தோப்பில் நேரமும் கூடும். கல்வெட்டுதான் பார்க்க வேண்டும் என்பவர்கள் ஜகார்த்தாவுக்குச் சீட்டு எடுக்கலாம்.