டர்பனில் தோல் டாக்டராக: வரிசையா, வேலூரா, லேசரா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வீட்டில் ஒரு பிள்ளை டாக்டர் படிப்பை முடித்துவிட்டால் போதும். "தோல் எடும்மா, ராத்திரி டூட்டி இல்லை, காசுக்கும் குறைவில்லை" என்று சொல்ல ஒரு மாமா வந்துவிடுவார். அவர் சொல்வதில் பெரிய பொய் இல்லை. அந்த இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்பதை மட்டும் விட்டுவிடுவார். டர்பன் வீடுகளில் அடிபடும் வழிகள் மூன்று: இங்கேயே ரெஜிஸ்ட்ராராக, அதாவது ஸ்பெஷலிஸ்ட் பயிற்சி டாக்டராகச் சேர்வது, இந்தியாவில் எம்.டி. படிப்பது, ஜி.பி.யாக (பொது டாக்டராக) இருந்துகொண்டே லேசரும் போடாக்ஸும் கற்றுக்கொள்வது. மூன்றும் ஒரே ஊருக்குப் போகும் பஸ்கள் என்று பலர் நினைக்கிறார்கள்.

ரெஜிஸ்ட்ரார் கணக்கை முதலில் போடுவோம். படிப்பு 6 வருடம், இன்டர்ன்ஷிப் 2, கட்டாய அரசு வேலையான கம்யூனிட்டி சர்வீஸ் 1, அதன் பிறகு தோல் துறையில் 4. ஆக 13 வருடம். இது தாளில் உள்ள கணக்கு. மாகாண அரசு சம்பளத்துக்குப் பணம் ஒதுக்க வேண்டும், டாக்டர்களைப் பதிவு செய்யும் எச்.பி.சி.எஸ்.ஏ. கவுன்சில் அங்கீகரித்த பயிற்சி இடம் காலியாக இருக்க வேண்டும். இரண்டும் கூடி வந்தால்தான் வேலை விளம்பரமே வரும். தோல் சின்னத் துறை, கேட்பவர்கள் ஏராளம். இடையில் மெடிக்கல் ஆபீசராகக் காத்திருக்கும் வருடங்களை யாரும் கூட்டுவதில்லை. தோல் ஸ்பெஷலிஸ்ட் ஆவதற்கான எஃப்.சி.டெர்ம் பரீட்சை இரண்டு பகுதி, கூடவே எம்.மெட். முதுநிலைப் பட்டத்துக்கான ஆய்வேடு. பரீட்சை தாண்டியும் ஆய்வேடு முடியாமல் ஸ்பெஷலிஸ்ட் பதிவு தள்ளிப்போவது உண்டு. ஆனால் நாலு வருடமும் அரசு சம்பளம் வரும்; வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்க வேண்டியதில்லை.

சம்பளத்தைவிடப் பெரிய லாபம் கண்ணுக்குக் கிடைக்கும் பழக்கம். டர்பன் அரசு மருத்துவமனைகளின் தோல் கிளினிக்கில் பருவும் பொடுகும் ஓரமாகத்தான் நிற்கும். எச்.ஐ.வி.யோடு வரும் கபோசி சார்கோமா என்ற புற்றுநோய், மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் மேல்தோல் உரிந்துபோகும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன், பிறவியிலேயே தோலில் நிறமி குறைந்து வெயில் தாங்காத அல்பினிசம் பிள்ளைகள் என்று வரிசை நிற்கும். வெளுக்கும் கிரீம் பூசி முகம் கருநீலமாகிப்போன பெண்களும் வருவார்கள். அந்தக் கடைசி நோய்க்கு இந்த நாட்டில் தனி வரலாறு உண்டு. ஹைட்ரோகுவினோன் என்ற வெளுக்கும் மருந்து கலந்த கிரீமால் வரும் இந்தக் கருநீல நோயை, ஓக்ரோனோசிஸை, 1975-ல் எழுதிவைத்தவர் பிரிட்டோரியாவின் ஃபிண்ட்லே. 1990-ல் அழகுசாதனங்களில் அந்த மருந்தைத் தென்னாப்பிரிக்கா தடை செய்தது. இருந்தும் சந்தையில் டப்பா கிடைக்கிறது. கல்யாணத்துக்குப் பெண் சிவப்பாக இருக்க வேண்டும் என்ற ஆசை நம் வீடுகளிலும் தீர்ந்தபாடில்லை. அம்மை என்றால் வேப்பிலையோடு மாரியம்மனிடம் போகும் பாட்டியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பேத்தியின் கைப்பையில் இருக்கும் பெயர் தெரியாத ஸ்டீராய்டு கிரீம்தான் ஆபத்து.

ஆராய்ச்சிக்கும் இங்கே பஞ்சமில்லை. கருப்பினப் பெண்களின் உச்சந்தலையில் தழும்போடு முடி கொட்டும் ஒரு நோய்க்கும் பாடி3 என்ற மரபணுவுக்கும் உள்ள தொடர்பைச் சொன்ன 2019 ஆய்வில் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ந்கோசா த்லோவாவும் ஒருவர். கறுத்த தோலைப் படிக்க வேண்டும் என்றால் லண்டனைவிட டர்பன் மேல்.

இந்தியா? எம்.டி. 3 வருடம்தான், படிப்பின் பெயரிலேயே தொழுநோயும் பால்வினை நோயும் சேர்ந்திருக்கும். நோயாளிக் கூட்டம் மலைக்க வைக்கும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் படர்தாமரை, மங்கு, வெண்புள்ளி எல்லாம் எப்படித் தெரியும் என்பது கைக்கு வந்துவிடும். தமிழ் பேசத் தெரிந்த பிள்ளைக்குச் சென்னையோ வேலூரோ அந்நியமாகவும் இராது. தடை வேறு இடத்தில். அங்கே முதுநிலைப் படிப்புக்கான நீட்-பி.ஜி. நுழைவுத் தேர்வில் அதிகம் அடிபடும் துறைகளில் தோலும் ஒன்று. வெளிநாட்டில் இருந்து போகிறவர்களுக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது என்.ஆர்.ஐ. (வெளிநாடு வாழ் இந்தியர்) இடம், அதற்கான கட்டணத்தை ராண்டில் மாற்றிப் பார்த்தால் தலை சுற்றும். அதைவிட முக்கியம்: அந்தப் பட்டத்தோடு டர்பனில் இறங்கினால் எச்.பி.சி.எஸ்.ஏ. நேரே ஸ்பெஷலிஸ்ட் பட்டியலில் சேர்த்துவிடாது. பயிற்சியை எடைபோடுவார்கள், இன்னும் பரீட்சை கேட்கலாம். மிச்சப்படுத்திய ஒரு வருடம் அங்கே கரையும். இந்தியாவிலேயே தங்கிவிடுகிற எண்ணம் இருந்தால் மட்டும் இதை யோசிக்கலாம்.

மூன்றாவது வழி சீக்கிரம் காசு பார்க்கும் வழி. கம்யூனிட்டி சர்வீஸ் முடித்த ஜி.பி. குறுகிய பயிற்சிகள் எடுத்து ஊசியும் லேசரும் தொடங்கலாம். டர்பனுக்கு வடக்கே வசதியானவர்கள் வாழும் உம்லங்காவில் இதற்குக் கிராக்கி உண்டு. அழகு சிகிச்சைக்கு மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்பீடு) பணம் தராது. நோயாளி கையிலிருந்து நேராக வரும். அதனால் காகித வேலை குறைவு, ஆனால் பொருளாதாரம் தும்மினால் முதலில் காலியாவதும் இந்த வெயிட்டிங் ரூம்தான். போர்டில் டெர்மட்டாலஜிஸ்ட் என்று போட முடியாது, போடவும் கூடாது. இந்த வழியை நான் இளப்பமாக நினைக்கவில்லை. ஆனால் கறுத்த தோலில் லேசர் விளையாட்டில்லை: முடி எடுக்க 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் ஓரளவு பத்திரம், குறைந்த அலைநீளத்தில் சூடு தவறினால் தழும்பும் கருமையும் மிச்சம். நம் மக்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தால் உள்ளங்காலிலோ நகத்தடியிலோ ஒளிந்திருக்கும். முகத்தை மட்டும் பார்த்துப் பழகியவர் செருப்பைக் கழற்றச் சொல்லமாட்டார்.

பிரிட்டனைச் சொல்லாமல் விட்டால் கேள்வி வரும். வெளிநாட்டு டாக்டர்களுக்கான பிளாப் பரீட்சை, 2 வருடம் பொது மருத்துவப் பயிற்சி, எம்.ஆர்.சி.பி. பரீட்சை, பிறகு 4 வருடம் தோல். அங்கேயும் நெரிசல் குறைவில்லை. குடும்பத்தோடு குடியேறத் தீர்மானித்தவர்களுக்கே அது.

நோயில் ஆர்வம் உள்ள பிள்ளை என்றால் வரிசையில் நிற்பதே என் ஓட்டு. நிற்கும் காலத்தை வீணாக்க வேண்டியதில்லை. மெடிசின் வார்டிலோ தோல் கிளினிக்கிலோ மெடிக்கல் ஆபீசராகச் சேர்ந்துகொள்ளலாம், எஃப்.சி.டெர்ம் முதல் பகுதியை முன்கூட்டியே எழுதிவைத்தால் நேர்காணலில் கை ஓங்கும். டர்பனை மட்டும் பார்க்காமல் ஜோஹன்னஸ்பர்க், கேப் டவுன், பிரிட்டோரியாவுக்கும் விண்ணப்பம் போடலாம். நாலு வருடம் பிள்ளை வெளியூரில் இருக்க அம்மா சம்மதிப்பாரா என்பதை அதற்கு முன் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.