பெயருக்கா, பதவிக்கா, பிரிவுக்கா? வணிகக் கடிதத்தின் 'பெறுநர்' வரி

மதுரையின் கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளில் உள்ள சில சிறு பட்டறைகளுக்குக் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் பார்ப்பவன் நான். ஆண்டு முழுவதும் நான் எழுதுகிற கடிதங்களில் பாதிக்கு மேல் பாக்கித் தொகை கேட்பவை. ஆகவே 'பெறுநர்' என்ற சொல்லுக்குக் கீழே வரும் முதல் வரியில் யாரை எழுதுவது என்பது எனக்கு மரியாதை பற்றிய கேள்வியாக இல்லாமல் பணம் பற்றிய கேள்வியாகவே இருந்து வருகிறது.

முதல் வழி, ஆளின் பெயருக்கு எழுதுவது. நேரில் பேசிப் பழகிய கொள்முதல் அதிகாரியின் பெயரை எழுதினால் கடிதம் சுற்றி வளைக்காமல் அவர் கைக்கே போய்விடும் என்று நானும் நம்பியிருந்தேன். ஒரு பெரிய நிறுவனத்துக்கு அவ்வாறு பெயரை மட்டும் எழுதி ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன்; அட்டையும் முத்திரையோடு திரும்பி வந்தது. ஏழு வாரம் கழித்துத் தொலைபேசியில் விசாரித்தபோதுதான், அவர் அதற்கு முன்பே வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்ததும், தபால் பிரிவினர் அதைச் சொந்தக் கடிதம் என்று கருதிப் பிரிக்காமலே அவருடைய பழைய மேசையில் வைத்துவிட்டதும் தெரிந்தன. இப்போது இந்த ஆபத்து இன்னும் கூடியிருக்கிறது. 2025இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலுடன் இணைக்கப்பட்டுவிட்டது. விரைவுத் தபாலில் கூடுதல் கட்டணம் செலுத்திப் 'பதிவு' வசதியைக் கேட்டால், பெறுநரிடமோ அவர் அதிகாரம் அளித்தவரிடமோ மட்டுமே உறையைக் கொடுப்பார்கள். பெறுநராக நாம் எழுதிய மனிதரே அங்கு இல்லையென்றால் உறை நம்மிடமே திரும்பி வரக்கூடும்.

பதவிக்கு எழுதுவது இரண்டாவது வழி. 'மேலாளர் (கணக்குகள்)' என்று எழுதிய உறையை அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் பிரிப்பார். பிரித்தவர் பதில் சொல்லவும் கடமைப்பட்டவர். வேறொரு சிறு வசதியும் இதில் உண்டு. நம் ஊர்ப் பெயர்களில் முன்னெழுத்தையும் சுருக்கத்தையும் வைத்துக்கொண்டு ஆணா பெண்ணா என்று ஊகிக்க முடியாமல், அம்மையார் ஒருவருக்குத் 'திரு' போட்டு நான் பட்ட சங்கடம் பதவியை எழுதினால் நேராது. விளியை 'ஐயா / அம்மையீர்' என்று வைத்துக்கொண்டால் போதும். குறை என்னவென்றால், பதவிப் பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகின்றன. ஓரிடத்தில் கொள்முதல் மேலாளர் செய்யும் வேலையை இன்னோரிடத்தில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் செய்கிறார். கொள்முதல் ஆணையில் கையெழுத்துக்குக் கீழே அச்சிட்டிருக்கும் பதவியை அப்படியே எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது.

மூன்றாவதான பிரிவுக்கு எழுதும் முறையை விலைப்பட்டியல் கேட்பது, கணக்கு அறிக்கையின் நகல் கேட்பது போன்ற அன்றாடக் காரியங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். 'கணக்குப் பிரிவு' என்று எழுதினால் கடிதம் சரியான அறைக்குப் போகும். ஆனால் அந்த அறையில் ஆறு பேர் இருந்தால் ஆறு பேரும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்றே இருப்பார்கள். நேரே மேலாண்மை இயக்குநருக்கு எழுதுவது இதற்கு நேர் எதிர். அவருடைய அலுவலகம் அதே கடிதத்தைக் கீழே அனுப்பிவைக்கும். கீழே இருப்பவரோ நம்மைக் கோள் சொன்னவராகப் பார்ப்பார். முதல் கடிதத்துக்கே இது வேண்டாம்.

சட்ட உரிமை சம்பந்தப்பட்ட கடிதம் என்றால் கணக்கு வேறு. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டத்தின்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி மாதாந்திரக் கூட்டு வட்டியாக ஏறும். இந்த வட்டியைக் கேட்கும் கடிதத்தை இங்குள்ள ஆலையின் முகவரிக்கு மட்டும் அனுப்புவது போதாது, ஏனெனில் ஆலை மதுரையில் இருந்தாலும் நிறுவனத்தின் சட்டப்படியான முகவரியாகிய பதிவு அலுவலகம் சென்னையிலோ மும்பையிலோ இருக்கக்கூடும். நிறுவனங்கள் தங்கள் வணிகக் கடிதங்களிலும் பில்களிலும் பதிவு அலுவலக முகவரியை அச்சிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் சொல்வதால், அதைத் தேடி அலையத் தேவையில்லை. சரியான முகவரியிட்டு, கட்டணம் செலுத்திப் பதிவுத் தபாலில் அனுப்பியது போய்ச் சேர்ந்ததாகவே கருதப்படும் என்ற பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 27ஆம் பிரிவும் 'சரியான முகவரி' என்ற நிபந்தனையின் மேல்தான் நிற்கிறது.

அரசு அலுவலகங்களுக்கு என்றால் பதவிக்கு எழுதும் முறைக்குப் போட்டியே இல்லை. மதுரை மாநகராட்சியின் தலைமை அலுவலகமான தல்லாகுளம் அறிஞர் அண்ணா மாளிகைக்கு எழுதும்போது 'மாநகராட்சி அலுவலகம்' என்று நிறுத்தாமல் 'ஆணையாளர்' என்று எழுத வேண்டும். பட்டறையின் சொத்துவரி போன்ற காரியமாக இருந்தால், அந்த வார்டு அடங்கிய மண்டலத்தின் உதவி ஆணையாளரைப் பெறுநராக்கி, ஆணையாளருக்கு நகல் அனுப்புவேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மட்டும் இடம் தவறிய மனுவுக்குப் பரிகாரம் உண்டு: வேறு அலுவலகத்துக்கு உரியதாக இருந்தால், பெற்றவரே 5 நாளுக்குள் அதை மாற்றி அனுப்பியாக வேண்டும். தனியார் நிறுவனத்தில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

இப்போது என் உறைகளில் முதல் வரி பதவி, இரண்டாவது வரி பிரிவு, மூன்றாவது வரி நிறுவனத்தின் முழுப் பெயர். பழகிய ஆள் இருந்தால் அவர் பெயர் உறையின் மேல் வராது. உள்ளே, 'பொருள்' வரிக்கு மேலே, 'கவனத்திற்கு' என்று ஒரு வரியாக வரும்.