வயரா, பேட்டரியா?

டொரொன்டோ வீட்டு டிரைவ்வேயில் (வாசலில் கார் நிறுத்தும் பாதை) விழும் பனியை அள்ளி வீச மின்சார ஸ்னோ ப்ளோயர்தான் என்று முடிவாகிவிட்டதா? சரி, அடுத்த குழப்பம் இதுதான்.

வயர் மெஷின் விலை குறைவு, எடையும் குறைவு, எவ்வளவு நேரமும் ஓடும். ஆனால் 120 வோல்ட், 15 ஆம்ப் பிளக்கில் 1800 வாட்டுக்கு மேல் இழுக்க முடியாது. அப்புறம் அந்த வயர்! ஒவ்வொரு திருப்பத்திலும் தோளில் போட்டு, காலிலும் மெஷினின் சுழலும் தகட்டிலும் சிக்காமல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். குளிரில் விறைத்து, சுருட்டவும் மறுக்கும். வெளியில் பயன்படுத்தத்தக்க தடித்த எக்ஸ்டென்ஷன் வயரும் வாங்க வேண்டும், மெல்லியது சூடேறிவிடும்.

பேட்டரி மெஷினில் இந்த இழுபறி இல்லை, விலைதான் கையைக் கடிக்கும். லித்தியம் பேட்டரி குளிரில் சோர்ந்துவிடும். கராஜில் விடாமல் வீட்டுக்குள் வைத்திருந்து, வேலை தொடங்கும்போது மாட்டினால் கூடுதல் நேரம் தாங்கும்.

தூள் பனிக்கு இரண்டுமே போதும். பனி வழிக்கும் நகராட்சி வண்டி வாசலில் ஒதுக்கிவிட்டுப் போகும் ஈரக் கட்டியில் இரண்டுமே திணறும், அங்கே ஷவல்தான்.

இரண்டு கார் நிற்கும் சின்ன டிரைவ்வே என்றால் நான் வயரையே எடுப்பேன். நீளமானதற்குப் பேட்டரி மெஷின், கூடவே உபரியாக இன்னொரு பேட்டரி.