பெல்ட் வைத்த 7 கிலோ டொப் லோட் மெஷின்: மலைநாட்டு ஈரத்துக்குத் தாக்குப்பிடிக்குமா?

அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் வொஷிங் மெஷின் எடுக்கிறவர்கள் முதலில் எத்தனை கிலோ என்றுதான் விசாரிப்பார்கள். விசாரிக்க வேண்டியது ஸ்பின்னை. மே தொடங்கி செப்டெம்பர் வரை மழையும் மூடுபனியும் விடாத ஊரில், கொடியில் போட்ட ஜேர்சி மூன்று நாளானாலும் ஈரவாடை அடிக்கும். மெஷினே பிழிந்து தள்ளும் தண்ணீர்தான் இலாபம்.

முழு ஓட்டோமெட்டிக்கில் விலை குறைந்த வகை, பெல்ட்டில் ஓடும் 6.5, 7 கிலோ மெஷின். புதிதில் கழுவல் நன்றாகவே இருக்கும். செம்மண் ஒட்டிய காற்சட்டைகளை அரை மணி ஊறவிட்டுப் போட்டால் கையால் தேய்க்கும் வேலை பெரும்பாலும் மிச்சப்படும். ஸ்பின்தான் சுமார். இந்த ரகத்தில் டிரம் நிமிடத்துக்கு 700 சுற்று அளவில்தான் சுற்றும். இரட்டைத் தொட்டி செமி ஓட்டோமெட்டிக்கின் ஸ்பின் தொட்டி நேரே மோட்டரில் பூட்டியிருப்பதால் 1300, 1400 சுற்று வரும். தொட்டி சிறிதென்றாலும் துணியிலுள்ள தண்ணீரை ஏறத்தாழ இரண்டு மடங்கு விசையோடு வெளியே தள்ளும். துணியைக் கையால் மாற்றிப் போடச் சலிப்பில்லாத வீட்டுக்கு, காய்கிற விஷயத்தில் மட்டும் பார்த்தால், அந்தப் பழைய இரட்டைத் தொட்டிதான் இன்னமும் கெட்டிக்காரன்.

பெல்ட் மெஷினின் பலவீனம் சில வருடம் போனபின் தெரியும். டிரம்மின் அடியில் சுழன்று துணியைக் கலக்கும் தட்டான பல்சேட்டர் சோம்பலாக அசையும், துணி சொட்டச் சொட்ட வெளியே வரும். பார்க்க வருகிறவர் பெரும்பாலும் “கியர் பொக்ஸ் போச்சு” என்பார்; டிரம்முக்கு அடியிலுள்ள பற்சக்கரப் பெட்டியைச் சொல்கிறார். உடனே சல்லியை எடுத்து நீட்ட வேண்டாம். கழுவலும் ஸ்பின்னும் சேர்ந்தே தளர்ந்திருக்கிறதா, ஒன்று மட்டுமா என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். இரண்டும் தளர்ந்திருந்தால் இரண்டுக்கும் பொதுவானவைதான் காரணம்: வோல்டேஜ், பெல்ட், மோட்டர் சுற்ற உதவும் கப்பாசிட்டர், மோட்டர். கியர் பொக்ஸ் கடைசிச் சந்தேகம்.

வோல்டேஜைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ட்ரான்ஸ்போமரிலிருந்து தள்ளியிருக்கும் லயன்களிலும் லைன் முடிகிற வீடுகளிலும் மாலை 6.30க்குப் பிறகு, ஊரே அடுப்பும் ஹீட்டரும் போடும் நேரத்தில், 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 185 நிற்கலாம். ஐந்தில் ஒரு பங்குதானே குறைந்தது என்று தோன்றும். ஆனால் இந்த மோட்டரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் இறங்கும்; மிஞ்சுவது சுமார் 65 சதவீதம். அதே துணியைக் காலை பத்து மணிக்குப் போட்டு ஒழுங்காகச் சுற்றினால் மெஷினில் பிழையில்லை.

அடுத்தது பெல்ட். பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வடித்து, மெஷினைச் சுவரோடு சாய்த்துவிட்டு அடியில் பாருங்கள். சில மொடல்களில் பின்தகட்டைக் கழற்றினாலே போதும். மோட்டர் கப்பிக்கும் பெரிய கப்பிக்கும் நடுவில் பெல்ட்டைப் பெருவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீற்றருக்குள் அமுங்க வேண்டும். அதற்கு மேல் தொய்ந்தால், பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளத்தால், கீழே கறுப்புத் தூள் கொட்டியிருந்தால், பெல்ட் வழுக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் இன்னும் சொரசொரப்பாக இருந்தால் மோட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை இளக்கி, மோட்டரை வெளிப்பக்கம் இழுத்து இறுக்கினால் சரியாகும். பெரும்பாலும் 10 மில்லிமீற்றர் ஸ்பானர் போதும். பளபளத்த பெல்ட்டை இறுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். அதன் முதுகில் அச்சிட்டிருக்கும் எழுத்தையும் இலக்கத்தையும் அப்படியே எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். “7 கிலோ மெஷின் பெல்ட்” என்று கேட்டால் கையில் கிடைப்பதைத்தான் தருவார்கள். விறைக்க விறைக்க இறுக்கிவிடவும் வேண்டாம். மோட்டர் சூடாகும், பெயாரிங் தேயும்.

பெல்ட் சரியாக இருந்தும் மோட்டர் ‘உம்’ என்று முனகி, வெறும் டிரம்மைச் சுற்றி, துணி போட்டதும் நின்றுவிட்டால் கப்பாசிட்டரைப் பாருங்கள். இந்த ரகத்தில் 10, 12 மைக்ரோபரட், 450 வோல்ட் என்று மேலே எழுதியிருக்கும். கழற்றுமுன் அதில் தங்கியுள்ள மின்சாரத்தை வடிக்க வேண்டும்: பிளக் வெளியே இருக்க, 60 வொட் குண்டு பல்பின் இரண்டு வயரையும் அதன் முனைகளில் சில விநாடி தொடவையுங்கள். கப்பாசிட்டர் அளக்கும் மீற்றரில் 12க்கு 11.5 காட்டினால் நல்லது, 9 காட்டினால் தூக்கிப் போடுங்கள். பெரிய இலக்கம் போட்டால் பலமாகச் சுற்றும் என்று 12 இருந்த இடத்தில் 18 போடுகிறவர்கள் உண்டு. மோட்டரின் சுருள் கருகிப்போக அது போதும். ஒரு பக்கம் மட்டும் சுற்றி மறுபக்கம் சுற்றாவிட்டால் கப்பாசிட்டரைக் குறை சொல்ல வேண்டாம்; மெஷினின் மின்சுற்றுப் போர்டையும் வயரையும் பாருங்கள்.

கழுவல் நன்றாக இருந்து ஸ்பின் மட்டும் பிழை என்றால், முதலில் குழாயைப் பாருங்கள். இந்த மெஷின்கள் பலவற்றில் பம்ப் கிடையாது, தண்ணீர் தானாகவே இறங்க வேண்டும். வெளிக்குழாய் வாசற்படி மேல் ஏறிப்போனால், அல்லது உள்ளே பஞ்சும் மண்ணும் அடைத்தால், அடியில் தேங்கும் தண்ணீரே டிரம்மைப் பிடித்து இழுக்கும். நுரையும் அதே வேலையைச் செய்யும். ஊற்றுத் தண்ணீர் மென்மையானது, பவுடர் மளமளவென்று நுரைக்கும். பவுடர் உறையில் சொன்ன அளவில் பாதி போதும்.

குழாய் சுத்தமென்றால் பிரேக். ஸ்பின் தொடங்கும்போது டிரெய்ன் மோட்டர் ஒரு கம்பியை இழுத்து வால்வைத் திறக்கும், கூடவே பிரேக்கையும் விடுவிக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தக் கம்பியைக் கையால் இழுத்துப் பிடித்து டிரம்மைத் தள்ளுங்கள். இலேசாகச் சுற்றினால் பிரேக்கில் பிழையில்லை, டிரெய்ன் மோட்டர் முழுதாக இழுக்கிறதா என்று பாருங்கள். கரகரவென்று உராய்ந்தால், நடுத்தண்டைச் சுற்றித் துருவோ எண்ணெயோ வடிந்திருந்தால், தண்ணீரைத் தடுக்கும் சீல் போய்த் தண்ணீர் பெயாரிங்கில் இறங்கியிருக்கிறது. கியர் பொக்ஸ் என்ற பேச்சு இங்கேதான் நியாயமானது. டிரம் சுற்றத் தொடங்கி, மெஷினின் உடம்பில் இடித்து, மறுபடி தண்ணீர் பிடித்தால் டிரம்மைத் தாங்கும் நான்கு தொங்கு கம்பிகளில் ஒன்று தளர்ந்திருக்கும், இல்லாவிட்டால் தரை சரிவு. டிரம்மை அமுக்கி விட்டால் ஒரு முறை எழும்பி அடங்க வேண்டும்.

ஸ்பின் நன்றாக இருந்து கழுவல் மட்டும் சோர்ந்தால் பல்சேட்டரின் நடு ஸ்குருவைக் கழற்றித் தூக்குங்கள். உள்பற்கள் வழுவழுத்திருந்தால் புதிது போடவேண்டியதுதான். அடியில் சில்லறை, ஊசி, பொத்தான் எல்லாம் கிடைக்கும். அதைவிடச் சாதாரணமான காரணம் கம்பளி. 7 கிலோ என்பது காய்ந்த துணியின் கணக்கு. சாதாரணத் துணியோடு ஒரு கனத்த கம்பளியைத் திணித்தால் எந்தப் பல்சேட்டரும் அசையாது.

எனக்குப் பிடித்த அம்சம், இந்த மெஷினை அட்டன் கடையிலேயே கிடைக்கும் சாமான்களை வைத்துப் பழுதுபார்க்கலாம் என்பது. பெல்ட் இல்லாத இன்வேர்ட்டர் வகை சத்தம் குறைந்தது, தேய்மானமும் குறைவு. ஆனால் போர்டு போனால் செலவு பெரிது. ஏப்ரல், ஒக்டோபர் இடிமின்னல் காலத்தில் போர்டு போவதும் அதிசயமில்லை. எதை வாங்கினாலும் வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். வோல்டேஜ் இறங்குகிற லைனில் பெல்ட் மெஷின் எடுப்பவர்கள் ஸ்டெபிலைசர் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். மழைக்கோட்டு, கொழுந்தெடுக்கும்போது கட்டும் படங்கு, றெக்சின் விரிப்பு போன்ற தண்ணீர் ஊடுருவாத எதையும் ஸ்பின்னில் போடாதீர்கள். உள்ளே தண்ணீரைக் கட்டி வைத்துக்கொண்டு முழு வேகத்தில் ஒரேயடியாகக் கொட்டும். டிரம் துள்ளித் தொங்கு கம்பிகள் கழன்றுவிடும்.